ஆசிரியர் கற்கும் பாடம்

முன்னுரை

பள்ளி என்றதும் கற்பிப்பவர் ஆசிரியர், கற்பவர் மாணவர் என்ற எண்ணமே யாவருக்கும் தோன்றும். ஆயினும் ஆசிரியரும் ஆண்டுதோறும் புதிதாய்க் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அதற்குப் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. வகுப்பில் அவர் முன் அமர்ந்திருக்கும் மாணவியே அந்தப் பாடம். அவள் எத்தகைய வீட்டிலிருந்து வருகிறாள், காலையில் உண்டாளா, எந்தப் பாடவேளையில் அவள் முகம் மலர்கிறது, எந்தப் பாடவேளையில் தலை கவிழ்கிறது என்பனவற்றை அறிந்த ஆசிரியரின் சொல்லுக்குத் தனி ஆற்றல் உண்டு.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இது வெறும் கட்டுரைத் தலைப்பு அன்று. ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு படித்தவர்களுள் இருவர் இவ்வாண்டு எங்களோடு இல்லை. ஒருத்தி வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டாள். மற்றவள் ஏன் நின்றாள் என்பது இன்றுவரை எங்களுள் எவருக்கும் தெரியாது. ஓராண்டு முழுவதும் அவளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்களுக்கே தெரியவில்லை. ஒருவரின் குறை இன்னதென்று அறியாமல் அவருக்கு உதவுவது எவ்வாறு? ஆகவே, மாணவரை ஆசிரியர் எவ்வாறு அறியலாம், அறிந்தபின் என்ன செய்யலாம் என்பது பற்றி நூல்களிலிருந்தும் எங்கள் வகுப்பிலிருந்தும் திரட்டியவற்றை இங்கே தருகிறோம்.

நன்னூல் காட்டும் வழி

நம் தமிழ் இலக்கண நூலாகிய நன்னூலை எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டுமே உரியது என்று நாம் எண்ணுகிறோம். 13-ஆம் நூற்றாண்டில் அதனை இயற்றிய பவணந்தி முனிவர், நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தெளிவாக வகுத்துள்ளார். நல்லாசிரியரை அவர் நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறார். பொறுமையும் உறுதியும் நடுநிலையும் இனிமையும் ஒருங்கே வேண்டும் என்பது இதன் கருத்து.

பாடம் சொல்லும் முறையைக் கூறும்போது முனிவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஆசிரியர் காலமும் இடமும் பார்க்க வேண்டும், விரையக்கூடாது, சினங்கொள்ளக்கூடாது, முகமலர்ச்சியோடு இருக்க வேண்டும், யாவற்றுக்கும் மேலாக, கேட்பவர் எவ்வகையில் கொள்வார் என்பதை அறிந்து, அவர் உள்ளத்தில் பதியும்படி சொல்ல வேண்டும் என்கிறார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மாணவரை அறிவது ஆசிரியரின் இலக்கணமாகச் சொல்லப்பட்டுவிட்டது!

அதே நூல் மாணவரையும் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைமாணாக்கர். ஊற்றிய நீரெல்லாம் ஒழுகிப் போவது ஓட்டைக் குடம். ஒரு செடியில் நின்று மேயாமல் செடிக்குச் செடி ஓடுவது ஆடு. இந்த உவமைகளைப் படித்து நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததுண்டு. ஆனால் குடம் ஏன் ஓட்டையாயிற்று, ஆடு ஏன் ஓடுகிறது என்பதையும் ஆராய வேண்டாமா? அவ்வாறு ஆராய்ந்த ஆசிரியர் மூவரை இனிக் காண்போம்.

சீழ்க்கையில் தொடங்கிய பள்ளி

1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாள். இத்தாலி நாட்டின் தூரின் நகரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் இளங்குரு ஒருவர் திருப்பலிக்காக உடை அணிந்துகொண்டிருந்தார். அவரே பின்னாளில் உலகம் போற்றிய புனித தொன் போஸ்கோ. அவ்வறைக்குள் வந்து நின்ற ஏழைச் சிறுவன் ஒருவனைப் பூசைக்கு உதவும்படி கோயில்பிள்ளை சொன்னார். அவன் தெரியாது என்றான். அதற்காக அவனுக்கு அடி விழுந்தது. தொன் போஸ்கோ அதனைத் தடுத்து, அவன் தம் நண்பன் என்று கூறி, அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார்.

அவன் பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. வயது பதினாறு. கொத்தனார் வேலை செய்பவன். தந்தை தாய் இருவரும் இல்லை. எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்று கேட்டபோது இல்லை என்றே விடை வந்தது. பாடத் தெரியுமா என்றாலும் இல்லை. இறுதியில் சீழ்க்கையடிக்கத் தெரியுமா என்று குருவானவர் கேட்டதாகவும், அப்போதுதான் சிறுவனின் முகத்தில் புன்னகை தோன்றியதாகவும் சொல்லப்படுகிறது. இருவரும் முழந்தாளிட்டு மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னார்கள். மறைக்கல்வியின் முதற்பாடம் அங்கே நடந்தது. அடுத்த வாரம் கரெல்லி தன் தோழர்களையும் அழைத்து வந்தான். இன்று உலகெங்கும் பரவியுள்ள தொன் போஸ்கோ பள்ளிகளின் தொடக்கம் இதுவே. நம் தமிழகத்துக்கு 1906-ஆம் ஆண்டில், தஞ்சாவூருக்கு, சலேசிய குருக்கள் முதன்முதலாக வந்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருப்போம். அதிலுள்ள முறையைக் கவனித்தோமா? சிறுவனுக்குத் தெரியாதவை எவை என்று ஒரு பட்டியல் கிடைத்த பின்னரும் குருவானவர் கேட்பதை நிறுத்தவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்று அகப்படும்வரை கேட்டார். சீழ்க்கை என்பது எந்தப் பள்ளியிலும் பாடம் அன்று. ஆயினும் அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டே மற்றவற்றை அவர் கற்பித்தார்.

தொன் போஸ்கோ ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடவில்லை. வாரநாட்களில் சிறுவர் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று அவர்களைப் பார்த்தார். 1850-களின் தொடக்கத்தில் அவர்களுக்காக முதலாளிகளோடு எழுத்துவடிவில் ஒப்பந்தங்களும் செய்தார். அடிக்கக்கூடாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது, திருநாட்களில் ஓய்வு தர வேண்டும் என்பன அவற்றில் இருந்தன. மாணவனின் வாழ்க்கை பள்ளி வாயிலோடு முடிவதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1884-ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு எழுதிய மடலில், இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். அவர்கள் விரும்பும் விளையாட்டுகளில் ஆசிரியரும் மனமொன்றிக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். இடைவேளையில் மைதானத்துக்கு வந்து எங்களோடு எறிபந்து ஆடும் அருட்சகோதரியரின் பாடத்தை நாங்கள் ஏன் ஆர்வத்துடன் கேட்கிறோம் என்பது இப்போது விளங்குகிறது.

கைகொட்டிய குழந்தைகள்

இரண்டாமவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-இல் பிறந்த இவர், இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற்பெண்களுள் ஒருவர். 1907 ஜனவரி 6-ஆம் நாள் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பார் இன்றித் திரிந்த குழந்தைகளே அங்குச் சேர்ந்தவர்கள்.

மருத்துவர் நோயாளியைக் கூர்ந்து நோக்குவதுபோல அம்மையார் குழந்தைகளை நோக்கினார். பெரியவர்களுக்கென்று செய்த மேசை நாற்காலிகளில் குழந்தைகள் அசையாமல் அமர வேண்டியிருந்த அக்காலத்தில், அவர்களே தூக்கி வைக்கக்கூடிய சிறிய நாற்காலிகளைச் செய்வித்தார். எந்தக் குழந்தை எதை விரும்பி எடுக்கிறது, எவ்வளவு நேரம் அதில் ஈடுபடுகிறது என்று கவனித்தபின், அதற்கேற்பவே கற்பித்தார்.

அம்மையார் தம் நூலில் கூறும் ஒரு நிகழ்ச்சி எங்கள் மனத்தை மிகவும் தொட்டது. ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தக் கற்பித்தார். கைக்குட்டையை எப்படி எடுப்பது, பிறர் கவனிக்காவண்ணம் ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று பொறுமையாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, மிகுந்த கவனத்தோடு பார்த்திருந்தார்கள். முடிந்ததும் அனைவரும் பலமாகக் கைகொட்டினார்கள்! ஏன்? மூக்கொழுகுவதற்காக எல்லோரும் அவர்களை ஏசியிருந்தார்கள். பிறர் முன்னிலையில் வெட்கப்படச் செய்திருந்தார்கள். எப்படித் துடைப்பது என்பதை மட்டும் எவரும் அன்போடு சொல்லித் தரவில்லை. சிறு குழந்தைக்கும் மானம் உண்டு என்பதை அம்மையார் அன்று கண்டுகொண்டார்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் பயிற்சி வகுப்பு நடத்துவதற்காகச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகச் சேர்ந்ததால் அவர் நாடு திரும்ப இயலவில்லை. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நம் கொடைக்கானலில் தங்கி, அங்கும் குழந்தைகளையும் இயற்கையையும் ஆராய்ந்தார். இன்று நம் ஊர்களில் பல மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அவருடைய பொறுமையும் அங்கெல்லாம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

மலையுச்சிப் பள்ளி

மூன்றாமவர் அருட்தந்தை லொரென்சோ மிலானி. 1923-இல் புளோரன்ஸ் நகரின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, 1947-இல் குருவானவர். 1954-ஆம் ஆண்டின் இறுதியில் பார்பியானா என்ற மலைப் பங்குக்கு அனுப்பப்பட்டார். ஓர் ஆலயமும் சிதறிய சில வீடுகளுமே அவ்வூர். ஏழை உழவர்களின் பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிகளில் தோல்வியுற்று, படிப்பை விட்டு ஆடு மேய்க்கப் போனார்கள். தந்தை மிலானி அவர்களுக்காகத் தம் இல்லத்திலேயே பள்ளி தொடங்கினார். நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் அப்பள்ளி நடந்தது. செய்தித்தாள் படித்தார்கள், அயல்மொழிகள் கற்றார்கள், பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்த மாணவன் மிகவும் பின்தங்கியிருக்கிறானோ அவனே வகுப்பின் முதல் கவனத்துக்கு உரியவன். அவனுக்கு விளங்கும்வரை பாடம் மேலே செல்லாது. சுவரில் ‘ஐ கேர்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. ‘எனக்கு அக்கறை உண்டு’ என்பது அதன் பொருள்.

அப்பள்ளியின் மாணவர் எண்மர் சேர்ந்து, தங்களைத் தோல்வியுறச் செய்த ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதுபோல ஒரு நூலை எழுதினார்கள். 1967-ஆம் ஆண்டு மே மாதம் அது வெளிவந்தது. அடுத்த மாதமே, 44-ஆம் வயதில், தந்தை மிலானி நோயினால் இறைவனடி சேர்ந்தார். அந்நூல் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு நலமானவர்க்கு மருந்து கொடுக்கும் மருத்துவமனை எப்படியோ, பின்தங்கியவரை வெளியே தள்ளும் பள்ளியும் அப்படியே என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய கருத்து. மந்தமாகத் தோன்றுபவருக்குக் கூடுதல் நேரமும், சோம்பலாகத் தோன்றுபவருக்கு ஒரு குறிக்கோளும் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தந்தை மிலானியைத் தம் வாழ்நாளில் பலர் புரிந்துகொள்ளவில்லை. 2017 ஜூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

எங்கள் வகுப்புச் சீட்டுகள்

பார்பியானா மாணவர் கட்டுரை எழுதிய முறை எங்களைக் கவர்ந்தது. ஒவ்வொருவரும் தம் எண்ணங்களைத் துண்டுத் தாள்களில் குறிப்பார்கள். பின் அவற்றை வரிசைப்படுத்தி, எல்லோரும் கூடித் திருத்தி எழுதுவார்கள். நாங்களும் அவ்வாறே முயன்றோம். ‘ஆசிரியை என்னைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது’ என்ற தலைப்பில், பெயர் எழுதாமல், ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பழைய சாக்பீஸ் பெட்டியில் போட்டோம். பிரித்துப் படித்தபோது, நாள்தோறும் ஒன்றாகச் சாப்பிடும் எங்களுக்கே பல செய்திகள் புதியனவாய் இருந்தன.

ஒரு சீட்டில், ‘அம்மா இரவுப் பணிக்குப் போகிறார்கள், தம்பிக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவதால் செபநேரத்துக்குப் பிந்துகிறேன்’ என்றிருந்தது. இன்னொன்றில், ‘கடைசிப் பெஞ்சிலிருந்து கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி வாங்கச் செலவாகும் என்று வீட்டில் சொல்லவில்லை’ என்றிருந்தது. ‘எங்கள் வீடு ஒரே அறை. இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திய பிறகுதான் படிக்க முடியும்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘மாதத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி தாங்க முடியாது. அன்று உடற்பயிற்சி வகுப்பில் அமர அனுமதி கேட்க வெட்கமாக இருக்கிறது’ என்றது ஒரு சீட்டு. ‘அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். கையெழுத்து வாங்கி வா என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்’ என்றது மற்றொன்று.

துயரங்கள் மட்டுமே அங்கில்லை. ‘எனக்கு வண்ணத்துப்பூச்சிகளின் பெயர்கள் தெரியும்; யாரும் கேட்டதில்லை’; ‘மாமாவின் கடையில் மின்விசிறி பழுதுபார்க்கக் கற்றிருக்கிறேன்’; ‘புள்ளி வைக்காமலே கோலம் போடுவேன்’; ‘கணக்கு வராது என்கிறார்கள். ஆனால் அம்மாவின் காய்கறிக் கடைக் கணக்கை மனத்திலேயே போடுவேன்’. கரெல்லிக்குச் சீழ்க்கை தெரிந்ததுபோல எங்களுள் ஒவ்வொருத்திக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது!

ஒரு சீட்டு மட்டும் நீளமாக இருந்தது. எழுதியவள் முன்பு வேறோர் ஊரில் வேறொரு பள்ளியில் படித்தவள். கட்டணம் கட்டப் பிந்தியதற்காக, வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டார்களாம். அப்போது அவள் தந்தைக்கு வேலை போயிருந்தது. அதைச் சொல்ல மனமின்றி, மறந்துவிட்டேன் என்று கூறித் திட்டு வாங்கிக்கொண்டாள். ‘வெளியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்’ என்பதே அச்சீட்டின் கடைசி வரி. அதைப் படித்தபின் எங்கள் வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

நன்னூலின் உவமைக்கு இப்போது வருவோம். சொன்னதை மறப்பவள் ஓட்டைக் குடமாகத் தோன்றுகிறாள். அவள் இரவில் உறங்கிய நேரம் குறைவு. எழுத்துப் பிழையோடு பார்த்து எழுதுபவள் கவனமற்றவளாகத் தோன்றுகிறாள். அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. காரணம் தெரிந்தால் குடத்தை அடைக்கலாம்.

தேவை அறிந்து தருதல்

மாணவரின் தேவையை அறிந்து அதனை நிறைவேற்றுவதில் நம் மாநிலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்கு உணவு தரும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2024-இல் அது கிராமப்புறங்களிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பசித்த பிள்ளை பாடத்தில் கவனமின்றி இருந்தபோது, கவனி கவனி என்று சொல்லிப் பயனில்லை எனச் சிலர் உணர்ந்தார்கள். முதலில் பசியைப் போக்கினார்கள். பசியைப் போலவே கண்ணுக்குத் தெரியாத வேறு தேவைகளும் உள்ளன. அவற்றைப் பெரிய திட்டங்களால் மட்டும் தீர்த்துவிட முடியாது. அருகில் இருக்கும் ஆசிரியரே அறிந்து தீர்க்க வேண்டியவை அவை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்துள்ளது. சட்டம் பிரம்பை விலக்கலாம். அன்பை வரவழைப்பது ஆசிரியரின் உள்ளமே.

நாங்கள் பணிவோடு வேண்டுவன

எங்கள் சீட்டுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரிய செலவு எதுவுமின்றிச் செய்யக்கூடிய சில வழிகள் புலப்பட்டன. அவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன் பணிவோடு வைக்கிறோம்.

1. ஆண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவியிடமும் ஓர் அட்டை எழுதி வாங்கலாம். வீட்டில் யார் யார், படிக்க இடம் உண்டா, பள்ளிக்கு எவ்வளவு தொலைவு, எது பிடிக்கும், எது அச்சம் தரும் என்பன அதில் இருக்கட்டும். அதனை வகுப்பாசிரியை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பிந்தி வருபவளிடமும், வீட்டுப்பாடம் செய்யாதவளிடமும், கட்டணம் கட்டாதவளிடமும் காரணத்தைத் தனியே அழைத்துக் கேட்கலாம். வகுப்பின் முன் கேட்டால் விடை கிடைக்கும், உண்மை கிடைக்காது.

3. மாதம் ஒருமுறை பெஞ்சு மாற்றி அமர்த்தினால், கண் தெரியாதவளையும் காது மந்தமானவளையும் எளிதில் கண்டுகொள்ளலாம்.

4. வாரத்தில் ஒரு பாடவேளையை மாணவியருக்கே விடலாம். வண்ணத்துப்பூச்சி தெரிந்தவள் அறிவியல் வகுப்பில் பேசட்டும். காய்கறிக் கடைக்காரரின் மகள் சதவீதக் கணக்கை விளக்கட்டும்.

5. நன்றாகப் படிப்பவளையும் பின்தங்கியவளையும் சேர்த்து அமர்த்தி, ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்கச் செய்யலாம். பார்பியானாவில் இது வெற்றி கண்டது. கற்பிப்பவளுக்கும் பாடம் உறுதிப்படும்.

6. தொடர்ந்து மூன்று நாள் வராதவளின் வீட்டுக்கு ஒருவர் சென்று பார்க்கலாம். சென்ற ஆண்டு அருட்சகோதரி ஒருவர் மாலையில் நடந்தே சென்று எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டியோடு பேசினார். அவள் மறுவாரமே திரும்பி வந்தாள். இன்று எங்களோடு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். தலைமையாசிரியையின் அறையிலிருந்து எத்தனை கடிதம் போனாலும் இது நடந்திராது.

ஆசிரியருக்கும் வாழ்க்கை உண்டு

இவற்றைக் கேட்கும் நாங்கள் ஆசிரியரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர். ஒருவருக்கு ஐந்து வகுப்புகள். திருத்த வேண்டிய நோட்டுகள், முடிக்க வேண்டிய பாடங்கள், நிரப்ப வேண்டிய படிவங்கள், இவற்றுக்கு மேல் அவர்களுக்கும் வீடு, பிள்ளைகள், முதிய பெற்றோர். எல்லோருடைய மனத்தையும் அவர்களே ஊகித்து அறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே வாய் திறந்து சொல்வது நம் கடமை. கரும்பலகை தெரியாவிட்டால் சொல்வோம். புரியாவிட்டால் கை உயர்த்துவோம். சொல்லத் தயங்கும் தோழிக்காக நாம் சென்று சொல்வோம். நம்மோடு படித்து நின்றுபோனவளைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமல் இருந்தது ஆசிரியர் மட்டும் அல்லர். அருகில் இருந்த நாமும் அல்லவா?

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். மதிப்பெண் குறைந்த நாளில் மட்டும் பள்ளிக்கு வருவது பலரின் வழக்கமாய் உள்ளது. வீட்டில் நோய் என்றாலும், வேலை போனது என்றாலும், இடம் மாறினாலும் வகுப்பாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதில் மானக்குறைவு எதுவும் இல்லை. பெண்பிள்ளையை நிறுத்த வேண்டிய நெருக்கடி வந்தாலும், நிறுத்துமுன் ஒருமுறை பள்ளிக்கு வந்து பேசுங்கள். உதவித்தொகை, விடுதி, மாலைவகுப்பு என்று நீங்கள் அறியாத வழி ஏதேனும் அங்கே இருக்கக்கூடும்.

முடிவுரை

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாகவும், அவை அவர் குரலை அறிந்து பின்செல்வதாகவும் புனித யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். பெயரை அறிவது என்றால் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரை அறிவது மட்டும் அன்று. அப்பெயருக்கு உரியவளின் பசியையும் அச்சத்தையும் ஆசையையும் அறிவது. தொன் போஸ்கோ ஒரு கேள்வியாலும், மாண்டிசோரி அம்மையார் பொறுமையான பார்வையாலும், தந்தை மிலானி விடாமுயற்சியாலும் இதனைச் செய்து காட்டினார்கள். மூவரும் தொடங்கியபோது அவர்களிடம் பெரிய கட்டடமோ பெரும் பொருளோ இல்லை.

எங்கள் சாக்பீஸ் பெட்டியை வகுப்பாசிரியையின் அனுமதியுடன் அலமாரியின் மேலேயே வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வரும் தங்கையர் அதனைப் பயன்படுத்திக்கொள்வார்களாக. நின்றுபோன எங்கள் தோழியர் இருவரின் வீட்டுக்கும், இம்மலர் அச்சேறி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு செல்வதென்று தீர்மானித்துள்ளோம். மீண்டும் பள்ளிக்கு வரச் சொல்லிக் கேட்போம். உடன் வருவதாக அருட்சகோதரி ஒருவர் வாக்களித்திருக்கிறார். இறைவன் துணை நிற்பாராக.